மானிட்டருக்கு விஜிஏவா, டிவிஐயா, எச்டிஎம்ஐயா? கேள்வி பதில்

கே: சார், பழைய 22 அங்குல எல்சிடி மானிட்டர். விஜிஏ, டிவிஐ இரண்டுமே மானிட்டரிலும் இருக்கு, கம்ப்யூட்டரிலும் இருக்கு. எதில் மாட்டலாம்?

ப: டிவிஐ. விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றுமே கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் இணைப்பு வகைகள். விஜிஏ படத்தை மின்னழுத்தமாக (அனலாக்) அனுப்பும், மற்ற இரண்டும் பொதுவாக எண்ணாகவே (டிஜிட்டல்) அனுப்பும். எல்சிடி திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தேவைப்படுவது ஓர் எண். விஜிஏவில் கிராபிக்ஸ் கார்டு அந்த எண்ணை 0 முதல் 0.7 வோல்ட்டுக்குள் ஒரு மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது. மானிட்டர் அதை அளந்து மறுபடி எண்ணாக்குகிறது. இரண்டு முறை மாற்றும்போது கொஞ்சம் கூர்மை போகத்தான் செய்யும். 1987இல் ஐபிஎம் விஜிஏவைக் கொண்டுவந்தபோது இருந்தவை சிஆர்டி (கண்ணாடிக் குழாய்) மானிட்டர்கள். அவற்றுக்கு மின்னழுத்தமே நேரடியாக வேண்டியிருந்ததால் அன்றைக்கு அது சரியான ஏற்பாடு.

கே: என் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். எழுத்து மங்கலா இருக்கு, ஓரத்தில் நடுங்குது. புதுசு வாங்கிடட்டுமா?

ப: அவசரப்படாதீர்கள். முக்கால்வாசி நேரம் இதை மெனுவிலேயே சரிசெய்துவிடலாம்.

முதலில் ரெசல்யூஷன் (திரையின் புள்ளி எண்ணிக்கை), மானிட்டரின் சொந்த அளவிலேயே இருக்க வேண்டும். 1920x1080 திரைக்கு அதே எண்தான், எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங் 100 சதவீதம். அடுத்தது மானிட்டர் மெனுவில் உள்ள கிளாக் (புள்ளிகளை அளக்கும் வேகம்), ஃபேஸ் (ஒவ்வொரு புள்ளியையும் அளக்கும் கணம்). விஜிஏ கேபிளில் ஒரு வரி, ஒரு திரை எப்போது தொடங்குகிறது என்ற சைகை மட்டுமே வருகிறது. புள்ளிக்குப் புள்ளி வரும் கிளாக் சைகை கிடையாது. 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் மாறும்போது) நொடிக்கு 14.85 கோடி புள்ளி, ஒரு புள்ளிக்குச் சுமார் 6.7 நானோ நொடி. அதை எந்தக் கணத்தில் அளப்பது என்று மானிட்டரே ஊகிக்கிறது. ஊகம் பிசகினால் எழுத்தின் ஓரம் நடுங்கும்.

ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என மாறி மாறி வரும் செங்குத்துக் கோட்டுப் படத்தைத் திரை முழுக்கப் போட்டு, பிறகு மானிட்டரின் ஆட்டோ அட்ஜஸ்ட்டை அழுத்துங்கள். கறுப்பு வால்பேப்பரில் அழுத்தினால் படத்தின் ஓரம் எங்கே என்று மானிட்டருக்குத் தெரியாது, இன்னும் கெடும். ஆட்டோவில் சரியாகவில்லை என்றால் கையால்: அகலமான பட்டைகள் தெரிந்தால் அவை மறையும்வரை கிளாக், அதன் பிறகே ஃபேஸ். வரிசையை மாற்றினால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

எழுத்தின் வலப்பக்கம் நிழல் விழுந்தால் அது வேறு கோளாறு. கேபிளுக்கும் இரு முனைகளுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டிய மின்மறுப்பு (75 ஓம்) எங்கோ மாறி, சைகை எதிரொலித்துத் திரும்புகிறது. மெல்லிய கேபிள், எக்ஸ்டென்ஷன், ஸ்பிளிட்டர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, தடிமனான குட்டைக் கேபிள் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

கே: 1024x768க்கு மேல் போகவே மாட்டேங்குது.

ப: மானிட்டர் தன் விவரத்தை, அதாவது எந்த ரெசல்யூஷன் காட்டும் என்பதை, கம்ப்யூட்டருக்குச் சொல்வது விஜிஏ கேபிளின் 12, 15ஆம் பின்கள் வழியாக. மலிவான கேபிள் சிலவற்றில் அந்த இரண்டு கம்பியும் இருக்காது. கேபிளை மாற்றுங்கள். 9ஆம் பின் இல்லாமல் இருப்பது சகஜம், அதை உடைந்ததாக நினைக்க வேண்டாம்.

கே: திரை முழுக்க மஞ்சளா ஆயிடுச்சு அண்ணா.

ப: நீலம் வரவில்லை, அது 3ஆம் பின். சிவப்பு (1) போனால் திரை நீலப்பச்சையாகும், பச்சை (2) போனால் மெஜன்டா. பின் வளைந்திருந்தால் ட்வீசரால் மெதுவாக நிமிர்த்தி, மாட்டியபின் இருபுறத் திருகையும் முறுக்குங்கள்.

கே: டிவிஐயிலிருந்து விஜிஏ ஆக்கும் சின்ன அடாப்டர் வாங்கினேன், உள்ளேயே போகல.

ப: அழுத்தாதீர்கள்! தட்டையான பட்டைப் பின்னைச் சுற்றி நான்கு துளை இருந்தால் அது டிவிஐ-ஐ. அனலாக்கும் வரும், இந்த அடாப்டர் போதும். அந்த நான்கு துளை இல்லையென்றால் டிவிஐ-டி. உள்ளே அனலாக் சைகையே இல்லை. என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 முதல் 1080 வரை வந்த கார்டுகளின் டிவிஐ இந்த வகைதான். அதற்குச் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

எச்டிஎம்ஐ-விஜிஏவுக்கும் இதே கதை. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று சிப் இல்லாத வெறும் கேபிள் விற்கிறார்கள், வாங்காதீர்கள். சிப் உள்ளதும் ஒரு திசையில்தான் வேலை செய்யும். படம் விட்டுவிட்டு வந்தால் மின்சாரம் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். எச்டிஎம்ஐ போர்ட் உறுதியாகத் தருவது 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர்தான். யுஎஸ்பி பவர் துளை உள்ள கன்வெர்ட்டர் நல்லது.

கே: எச்டிஎம்ஐக்கு மாறினேன், கறுப்பு சாம்பலா தெரியுது. விஜிஏவே தேவலையோ?

ப: இல்லை. கார்டு உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்து, கறுப்பு முதல் வெள்ளை வரை 0-255க்குப் பதில் 16-235 அளவில் அனுப்புகிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல் என மாற்றுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் மானிட்டர் மெனுவில் ஓவர்ஸ்கேனை அணையுங்கள்.

கே: 4கே மானிட்டருக்கு?

ப: டிஸ்ப்ளேபோர்ட் (இன்னொரு டிஜிட்டல் இணைப்பு) 1.2 அல்லது எச்டிஎம்ஐ 2.0. எச்டிஎம்ஐ 1.4 என்றால் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், மவுஸ் நகர்வதிலேயே அந்த இழுப்பு தெரியும்.

கே: தங்க முலாம் பூசிய கேபிளில் கலர் நல்லா வருமா?

ப: வராது. டிஜிட்டல் கேபிள் சரியில்லை என்றால் திரையில் பொறி பறப்பதுபோல் புள்ளிகள் மின்னும், அல்லது படமே அறுந்துபோகும். அப்படி எதுவும் இல்லையென்றால் இருக்கிற கேபிளே போதும்.