ஆய்வகத்தில் இருந்து செயலர் நாற்காலிக்கு: கேள்வி பதில்

நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கானாடுகாத்தானில் இருக்கிறேன். பாதுகாப்புத் துறை பொறியாளர் ஒருவர் அரசின் உயர் பதவிக்குப் போவது எப்படி என்று நம் வட்டாரத்தில் இருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

காரைக்குடி, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்: ஐஏஎஸ் எழுதாமல் மத்திய அரசில் செயலர் ஆக முடியுமா ஐயா?

முடியும் தம்பி. பாதுகாப்பு ஆராய்ச்சி, விண்வெளி, அணுசக்தித் துறைகளில் செயலர் நாற்காலியில் விஞ்ஞானிகள் உட்காருவதுதான் வழக்கம். அப்துல் கலாம் சென்னை எம்ஐடியில் ஏரோநாட்டிக்கல் முடித்து 1958-ல் பாதுகாப்பு அமைச்சகத்தில் சேர்ந்தார். நடுவில் இஸ்ரோ. 1982-ல் ஹைதராபாத்தில் உள்ள டிஆர்டிஎல் என்ற ஏவுகணை ஆய்வகத்தின் இயக்குநர். 1992 முதல் 1999 வரை டிஆர்டிஓ செயலர், பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். அப்புறம் கேபினட் அமைச்சர் அந்தஸ்தில் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர். குடியரசுத் தலைவர் ஆனதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நிர்வாகம் கற்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது அவர் செயலராக இருந்த வருடங்களை.

தேவகோட்டை ஆசிரியர்: ராக்கெட் செய்தவருக்குக் கோப்பு பார்க்கத் தெரியுமா?

நல்ல கேள்வி சார். 1983-ல் ஏவுகணைத் திட்டத்துக்கு 388 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என ஐந்து ஏவுகணைகள். படிப்படியாகச் செய்கிறோம் என்று போன கலாம் குழுவினரிடம், எல்லாவற்றையும் சேர்த்தே செய்யுங்கள் என்றவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஆர்.வெங்கட்ராமன். நம்ம பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர்! அன்றோடு அது வெறும் பொறியியல் வேலையாக இல்லாமல் போனது. பணம், ஆள், ஆலை, முப்படைகள் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்று பிரமோஸ், ரஷ்யாவோடு சேர்ந்து செய்த ஏவுகணை. 1998 பிப்ரவரி 12-ல் மாஸ்கோவில் இந்தியா சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கலாம். அந்தக் கூட்டு நிறுவனத்தில் நமக்கு 50.5 சதவீதம், ரஷ்யாவுக்கு 49.5. பங்குக் கணக்கு நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதிக்கு மேல் இருப்பதால் பிடி நம் கையில். ஆனால் 51-ஐத் தொட்டால் சட்டப்படி அது அரசு கம்பெனி. வாங்குவது, விற்பது, ஆள் எடுப்பது எல்லாம் அரசு விதிப்படி நடக்க வேண்டும். அதற்குக் கீழே நின்றதால் தனியார் கம்பெனி மாதிரி வேகமாக நகர முடிந்தது. 2001 ஜூன் 12-ல் சண்டிப்பூரில் முதல் ஏவுகணை பறந்தது. கோப்பு பார்க்கத் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

எல்லாமே கைகூடியது என்றும் சொல்ல மாட்டேன். திரிசூல் படையில் சேராமலே முடித்துவைக்கப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் செயலரின் வேலைதான். என்னைக் கேட்டால், அதுதான் கஷ்டமான பகுதி.

புதுவயல், இசிஇ மாணவி: உள்ளே போவது எப்படி? பதவி உயர்வு எப்படி?

டிஆர்டிஓவுக்கு ஆள் எடுக்கும் ஆர்ஏசி என்ற தேர்வு மையம், கேட் என்ற பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து வடிகட்டி, நேர்காணல் நடத்தி விஞ்ஞானி 'பி' நிலையில் எடுக்கிறது. அதன்பின் சி, டி என்று 'எச்' வரை. காலியிடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குறைந்தபட்ச வருடம் முடிந்ததும் மதிப்பீட்டுக் குழு முன் உட்கார்ந்து, என்ன செய்தேன் என்று காட்ட வேண்டும். பெண்கள் மேலே வர முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அக்னி-4 ஏவுகணையின் திட்ட இயக்குநராக இருந்த டெசி தாமஸ், திருச்சூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

கோட்டையூர் வாசகர்: நம்ம பக்கத்தில் இருந்து யாராவது?

நம்ம சிக்ரியையே மறந்துவிட்டீர்களே! வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அங்கே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி செய்து, 2019-ல் இயக்குநரான கலைச்செல்வி, 2022-ல் சிஎஸ்ஐஆர் என்ற அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநர் ஆனார். மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறைச் செயலரும் அவரே. ஊர் அம்பாசமுத்திரம், தமிழ் வழியில் படித்தவர். பாதுகாப்புத் துறை இல்லைதான். ஆனால் காரைக்குடி ஆய்வகத்தில் இருந்தே டெல்லிச் செயலர் நாற்காலிக்குப் போனவர்.

பள்ளத்தூர் ஆச்சி: பேரன் ஹைதராபாத்தில் விஞ்ஞானி. என்ன வேலை என்று வாயே திறக்க மாட்டேன் என்கிறான். பெண் வீட்டில் கேட்டால் நான் என்ன சொல்ல? சம்பளமாவது சொல்லுங்கள். வீட்டில் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு லீவு கிடைக்குமா?

வாய் திறக்காதது நல்ல பிள்ளைக்கு அடையாளம் ஆச்சி, அதற்குச் சட்டமே இருக்கிறது. 'மத்திய அரசில் விஞ்ஞானி' என்று சொன்னால் போதும். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, அதற்கு மேல் படிகள். 'எச்' நிலைக்குப் போனால் 1,82,200-ல் தொடங்கும், செயலருக்கு 2,25,000. ஐடி கம்பெனி மாப்பிள்ளையோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியலாம். படைப்புக்குத் தேதி முடிவானதுமே சொல்லிவிடுங்கள், லீவு கிடைக்கும். ஏவுகணைச் சோதனை நடக்கிற வாரம் என்றால் மட்டும் அவனை எதிர்பார்க்காதீர்கள்.