பொருளாதாரத் தடை யாரைச் சுடும்?

கேள்வி: பொருளாதாரத் தடை, விதித்த நாட்டையே திருப்பித் தாக்கும் என்கிறார்கள். ஆனால் நம் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழியத் தடைகளும் காரணமாக இருந்தன அல்லவா? (சேட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: இரண்டும் உண்மையே. யாரை நம்பி யார் பிழைக்கிறார் என்பதைப் பொறுத்தே வலி எந்தப் பக்கம் சேரும் என்பது அமைகிறது.

நம் அண்டை நாடான ஜிம்பாப்வே, ரொடீசியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், அங்கிருந்த வெள்ளையர் ஆட்சியின் மீது ஐ.நா. 1966-இல் வணிகத் தடை விதித்தது. அமெரிக்காவும் அதற்குக் கட்டுப்பட்டு ரொடீசியக் குரோமியத் தாதுவை வாங்குவதை நிறுத்தியது. எவர்சில்வர் பாத்திரம் முதல் விமான எந்திரம் வரை எதுவும் குரோமியம் இன்றி நடக்காது என்பதால், அமெரிக்க ஆலைகள் தம் அரசின் முதன்மைப் பகையாளியான சோவியத் ஒன்றியத்திடமே அதைக் கூடுதலாக வாங்க நேர்ந்தது. கிராக்கி தெரிந்த பிறகு சோவியத் தரப்பு விலையை ஏற்றாமல் இருக்குமா? ரொடீசியச் சரக்கோ தென்னாப்பிரிக்கா வழியாகவும் மொசாம்பிக் துறைமுகங்கள் வழியாகவும் கள்ளத்தனமாக வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பைர்ட் திருத்தத்தை நிறைவேற்றி, தன் நாடு ஏற்றுக்கொண்ட தடையைத் தானே மீற வழிசெய்தது. 1977-இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

1980-இல் சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்க அதிபர் கார்ட்டர் தடை விதித்தபோதும் இதே கதைதான். அர்ஜென்டினா அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க உழவர்கள் கொதித்தெழ, 1981-இல் ரீகன் தடையை விலக்கினார்.

நிறவெறி ஆட்சியின் கழுத்தை இறுக்கியது பெரும்பாலும் கடன் என்பது என் கருத்து. 1985-இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்ததும் மற்ற வங்கிகளும் பின்வாங்கின. நம் நாணயமான ரேண்டின் மதிப்பு சரிந்தது. வங்கிகள் கடன் கொடுக்க வேறு நாடுகள் இருந்தன, பிரிட்டோரியாவில் இருந்த நிறவெறி அரசுக்கோ கை கொடுக்க ஆளில்லை. அதே அமெரிக்கா 1986-ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தில் முக்கியக் கனிமங்களுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டது, ரொடீசியாவில் சூடுபட்ட அனுபவமோ என்னவோ!

இழப்பு வரும் என்று தெரிந்தே தடை விதிப்பதும் உண்டு. இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம்மவரின் நில உரிமையைப் பறித்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டித்து, அவ்வாண்டே இந்தியா தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை முறித்துக்கொண்டது. இந்நாட்டுக்குச் சாக்குகளை விற்றுவந்த வங்காளச் சணல் ஆலைகளுக்கு அதனால் நட்டம்தான். ஆயினும் இந்திய விடுதலைக்குப் பின் அங்கு வந்த அரசுகளும் 1993 வரை அத்தடையைத் தளர்த்தவில்லை.