கடையில் நிற்பதா, தனியே செய்வதா?

வணக்கம் அண்ணா,

மட்டக்களப்பில் ஒரு கார் டீடெய்லிங் கடையில், அதாவது காரை உள்ளும் வெளியும் நுணுக்கமாகத் துப்புரவாக்கி மினுக்குகிற கடையில், வேலை செய்கிறேன். தொழில் பிடிக்கும், அங்கே செய்கிற விதம் பிடிக்கவில்லை. எந்தக் கார் வந்தாலும் கொம்பவுண்ட் (கீறல் போகப் பெயின்டைத் தேய்க்கிற பசை) போட்டு மெஷினால் தேய்க்கச் சொல்கிறார்கள். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு அதாலேயே துடைக்கிறார்கள். ஆறுதலாகச் செய்தால் முதலாளி ஏசுகிறார். வீடுகளுக்குப் போய் என் முறையில் செய்ய ஆசை. அம்மா, மாதச் சம்பளத்தை விடாதே என்கிறா. என்ன செய்யலாம்?

வாசகர், கல்லடி

தம்பி,

துணி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. நம்முடைய ஊரில் மணல் இல்லாத தரை ஏது? விழுந்த துணி அதற்குப் பிறகு டயருக்குத்தான். பெயின்டுக்கு மேலே காப்பாக இருக்கிற நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட், ஏறக்குறைய 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரை விட மெல்லியது, ஒவ்வொரு தடவை கொம்பவுண்ட் போடும்போதும் அதில் கொஞ்சம் போய்விடும், திரும்ப வராது. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை ஆட்கள் இருக்கிற காரையே வைத்துச் சமாளித்தார்கள். அந்தக் கார்களில் எத்தனை தரம் மெஷின் ஓடியதோ.

ஆனால் முதலாளியின் அவசரம் அவர் வாங்குகிற விலையிலிருந்து வருகிறது. அந்த விலைக்கு வாடகை, கரண்ட், உங்கள் சம்பளம் எல்லாம் கட்டவேண்டும் என்றால் இந்தக் கார் போய் அடுத்தது வரத்தான் வேணும். அதே விலைக்கு நீங்கள் தனியே செய்தால், கொஞ்ச நாளில் நீங்களும் அவரைப் போலவே ஓடுவீர்கள். "இது ஒரு நாள் வேலை, இவ்வளவு காசு" என்று உறவுக்காரரிடமும் விலை குறைக்காமல் சொல்ல முடியுமா? முடியும் என்றால் வெளியே வாருங்கள்.

அம்மா சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. கடையில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டினால் சம்பளத்தில் உங்கள் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் போடுகிறார், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று அவர் போடுகிற 3 வீதம் வேறு. அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கட்டாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள்.

இப்போதைக்கு, முதலாளிக்குச் சொல்லிவிட்டு, லீவு நாளில் ஒன்றிரண்டு கார் செய்து பாருங்கள். கழுவுதல், உள்பக்கம், வக்ஸ், அவ்வளவுதான். பெயின்ட் தடிப்பு அளக்கிற கருவி வாங்கும் வரை மெஷினைத் தொடவேண்டாம். விடியவே தொடங்குங்கள், மத்தியான வெயிலில் கிணற்றுத் தண்ணி காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அப்புறம் ஒன்று, எண்ணெய் கழுவிய தண்ணி மணலில் இறங்கினால் அந்த வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகும், ஆகவே எஞ்சின் கழுவச் சொன்னால் வீட்டில் செய்யாதீர்கள், சேவிஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுங்கள்.