தமிழர் பெயருக்கு முன்னால் இனிஷியல் எதற்கு?

இனிஷியல் என்பது பெரும்பாலும் தந்தை பெயரின் முதல் எழுத்து. சிலர் ஊர்ப்பெயரின் எழுத்தையும் சேர்ப்பார்கள். சி.என். அண்ணாதுரையில் 'சி' காஞ்சிபுரம் (அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் Conjeevaram, கான்ஜீவரம்), 'என்' நடராஜன்.

கல்யாண வீட்டுச் சமையலுக்கு நாலு வீட்டு அண்டாக்கள் வந்து சேரும். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். விளிம்பில் புள்ளிபுள்ளியாக வெட்டிய 'மு.செ.'யைப் பார்த்துத்தான் அவரவர் பாத்திரம் வீடு திரும்பும். தெருவுக்கு மூன்று முருகன்கள் இருக்கும் ஊரில் இனிஷியலுக்கும் அதே வேலைதான்.

முன்பு பலர் பெயருக்குப் பின்னால் சாதிப்பெயரும் இருந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அதை விடச் சொன்னது. பெரியாரும் 'நாயக்கர்' என்பதை விட்டார். பெயரில் சாதி தெரியாதது பெரிய விடுதலை என்பேன். ஆனால் பெயரை விட்டுப் போனது மனத்தை விட்டும் போய்விட்டதா என்பது வேறு கதை.

இனிஷியலைக் குடும்பப்பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பப்பெயர் தலைமுறைகளுக்கும் மாறாமல் தொடரும்; இனிஷியலோ தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கடவுச்சீட்டில் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக எழுதியவரை வெளிநாட்டில் அவர் அப்பா பெயரால் கூப்பிடுவது இதனால்தான்.