நாடகம், நடிப்புப் பயிற்சி, ஊர் ஊரா போய் ஆடுறது: கேட்டதுக்கெல்லாம் பதில்

போன வாரம் "நாடகம், ஆக்டிங் ட்ரெயினிங் பத்தி எதுனாலும் கேளுங்க"ன்னு போட்டேன், இவ்ளோ பேரு கேப்பீங்கன்னு நெனைக்கல. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேத்துட்டேன். என்னைப் பத்தி கொஞ்சம்: ஊரு புதுக்கோட்டை பக்கம். 1991ல எழுதப் படிக்க சொல்லித்தர அறிவொளி இயக்கம் எங்க ஜில்லாக்கு வந்தப்ப எனக்கு 11 வயசு. அவங்களோட கலைஜாதா, அதாவது ஊர் ஊரா போற கலைக்குழு, வந்து புளியமரத்தடில பாட்டும் நாடகமுமா போட்டாங்க, எங்க பெரியம்மா அதைப் பாத்துட்டு ராத்திரி வகுப்புக்குப் போயி பேரெழுத கத்துக்கிட்டு, அந்த சூட்டோட சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. நாடகம் போட்டா என்ன ஆயிடப்போகுதுன்னு யாராச்சும் கேட்டா எனக்கு பெரியம்மா சைக்கிள்ல கேரியர்ல புல்லுக்கட்டோட வந்து நிக்கிறதுதான் ஞாபகம் வரும். இப்ப 20 வருஷத்துக்கு மேல இதான் வேலை, பாதி நாள் சிட்டில நடிப்பு வகுப்பு, மீதி நாள் ஊர்ல.

கேள்வி (திருச்சி, காலேஜ் கடைசி வருஷம்): அண்ணா, சினிமால நடிக்கணும். ஒரு இடத்துல 3 மாச கோர்ஸ், 60 ஆயிரம் கேக்கறாங்க. முடிச்சா ஆடிஷனுக்கு அனுப்புவோம்ங்கறாங்க. சேரலாமா?

தம்பி, "வாய்ப்பு வாங்கித் தரோம்"னு சொல்ற இடத்துல செருப்பைக் கூட கழட்டாம திரும்பி வந்துரு. வாய்ப்பு வேற, பயிற்சி வேற. காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஓரமா உக்காந்து வகுப்பைப் பாக்கணும்னு கேளு. விடலன்னா அங்கயே பதில் இருக்கு. விட்டாங்கன்னா, வாத்தியார் எவ்ளோ நேரம் பேசறார், பசங்க எவ்ளோ நேரம் எந்திரிச்சு செய்யறாங்கன்னு மட்டும் பாரு. ரெண்டு மணி நேரத்துல ஒன்றரை மணி நேரம் அவர் சினிமா அனுபவத்த சொல்லிட்டிருந்தா அது கதாகாலட்சேபம்.

கூத்துப்பட்டறைங்கற சென்னை நாடகக் குழு 1977ல ந. முத்துசாமி சார் ஆரம்பிச்சது, பசுபதி, கலைராணி எல்லாம் அங்க வருஷக்கணக்கா உடம்பையும் குரலையும் பழக்கினவங்க. விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதற வேலைல இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியும். அவரு பக்கத்துல உக்காந்து நடிகர்களைப் பாத்துப் பாத்து கத்துக்கிட்டதா சொல்வாங்கல்ல, அந்தப் பாக்கறதுதான் விஷயம். நிதானமா படிக்கணும்னா டெல்லில என்எஸ்டி (நேஷனல் ஸ்கூல் ஆஃப் டிராமா) இருக்கு, 1959ல ஆரம்பிச்சது, மூணு வருஷம், ஸ்டைபண்டும் உண்டு, ஆனா டிகிரியோட நாடக அனுபவமும் கேப்பாங்க. பக்கத்துலயே பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல நிகழ்கலைப் பள்ளி இருக்கு, அங்க எம்ஏ படிக்கலாம். ஆரோவில் பக்கம் ஆதிசக்திங்கற நாடகக் குழுல பத்து நாள் மாதிரி வொர்க்‌ஷாப் நடத்துவாங்க, மூச்சும் தாளமும் வச்சு சொல்லித்தருவாங்க, அதுக்கு ஒரு தடவையாச்சும் போயிட்டு வா. 60 ஆயிரத்தை அப்பாகிட்ட திருப்பிக் குடு.

கேள்வி (சென்னை, ஷார்ட் ஃபிலிம் நடிகை): எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. கிளிசரின் இல்லாம அழ ஏதாச்சும் டெக்னிக்?

அழ ட்ரை பண்றத நிறுத்துங்க மொதல்ல. எந்த சாவு வீட்லயாச்சும் அழணும்னு முயற்சி பண்றவங்கள பாத்திருக்கீங்களா? (சரி, ஒண்ணு ரெண்டு பேரு இருப்பாங்க.) நெசமா துக்கத்துல இருக்கவங்க அழக்கூடாதுன்னுதான் பல்லைக் கடிச்சிட்டு இருப்பாங்க, வந்தவங்களுக்கு காப்பித்தண்ணி குடுப்பாங்க, சேரை இழுத்துப் போடுவாங்க. அதனால செய்யறதுக்கு ஒரு வேலையைக் கையில வச்சுக்குங்க. என் வகுப்புல ஒரு பழைய சேலைய குடுத்து "இது இனிமே யாரும் கட்டப்போறதில்ல, மடிச்சு பீரோல வைங்க"ன்னு மட்டும் சொல்வேன். ஓரத்தோட ஓரம் சரியா வரணும், சுருக்கம் இருக்கக்கூடாது, அவ்ளோதான் கண்டிஷன். மூணாவது மடிப்புல பாதிப் பேருக்கு கை நின்னுரும். கண்ணீர் வருதோ இல்லியோ, பாக்கறவனுக்கு தொண்டை அடைக்கும், அது போதும்.

செத்துப்போன பாட்டிய நெனச்சு அழுங்கன்னு சொல்லித்தர வாத்தியார்கள் நெறைய இருக்காங்க, நடிப்புப் பயிற்சிக்கு முறை வகுத்த ரஷ்யாக்காரர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி பேரைச் சொல்லியே செய்வாங்க. அந்த மனுசனே பழைய உணர்ச்சிய தோண்டி எடுக்கற வழில ஆரம்பிச்சு, பிற்காலத்துல உடம்பு செய்யற வேலைல இருந்து உணர்ச்சிக்குப் போற பக்கம் திரும்பிட்டாரு. அதை மட்டும் வசதியா விட்டுடுவாங்க.

கேள்வி (சேலம், என்ஜிஓ வேலை): குழந்தைத் திருமணம் பத்தி 20 நிமிஷ தெரு நாடகம் போடறோம். மக்கள் கை தட்டறாங்க, ஆனா ஒண்ணும் மாறல. எங்க தப்பு?

கை தட்டறதுதான் தப்புன்னு சொன்னா கோச்சுக்காதீங்க. ஊருக்குத் தெரியாதத நீங்க எதையும் சொல்லல, சட்டம் என்னன்னு அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் செய்யறாங்கங்கறதுதான் நாடகம்.

பிரேசில்ல அகஸ்டோ போவால்னு ஒரு நாடகக்காரர் இருந்தாரு. அவரே சொன்ன கதை இது. அவங்க குழு ஏழை விவசாயிங்க முன்னாடி போயி கையில துப்பாக்கியோட, நம்ம மண்ணுக்காக ரத்தம் சிந்துவோம்னு பாடி ஆடுனாங்களாம். முடிஞ்சதும் ஒரு விவசாயி வந்து, ரொம்ப சந்தோஷம், வாங்க இப்பவே துப்பாக்கிய எடுத்துட்டுப் போயி பண்ணையார் ஆளுங்கள வெரட்டுவோம்னு கூப்பிட்டாராம். இவங்க முழிச்சு, ஐயா இது அட்டைத் துப்பாக்கின்னாங்க. பரவால்ல, எங்ககிட்ட நெசத் துப்பாக்கி இருக்கு, நீங்க மட்டும் வாங்கன்னாராம். அப்புறம்தான் நாங்க நடிகர்கள்னு வழிஞ்சிருக்காங்க. அந்த அவமானத்துக்கு அப்புறம் போவால், தான் எடுக்காத ரிஸ்க்க அடுத்தவன எடுக்கச் சொல்ற நாடகத்தையே விட்டுட்டாரு.

அவர் வழில வந்ததுதான் ஃபோரம் தியேட்டர். பிரச்சனைய முடிவு சொல்லாம தோல்வில நிறுத்தணும். அப்புறம் முதல்ல இருந்து திரும்ப ஆடணும், பாக்கறவங்க எந்த எடத்துல வேணா "நிறுத்து"ன்னு சொல்லி மேல வந்து அந்தப் பொண்ணு இடத்துல நின்னு வேற மாதிரி செஞ்சு பாக்கலாம். நடுவுல இதை நடத்திக் குடுக்க ஜோக்கர்னு ஒருத்தர் இருப்பாரு, சீட்டுக்கட்டு ஜோக்கர் மாதிரி எந்தப் பக்கமும் சேராத ஆளு. மேற்கு வங்கத்துல ஜன சன்ஸ்கிருதிங்கற குழு 1985லேருந்து கிராமங்கள்ல இதைச் செய்யறாங்க. போவால் 1992ல ரியோ மாநகர மன்றத்துக்கு ஜெயிச்சு, இந்த மாதிரி நாடகத்துல மக்கள் சொன்னத வச்சே 13 சட்டம் கொண்டு வந்தாரு.

நான் ஒரு ஊர்ல சீட்டுப் பணத்த புருஷன் குடிச்சுத் தீக்கறத வச்சுப் போட்டேன். மேல வந்த மொத அக்கா, புருஷனா நடிச்ச பையனை விளக்குமாத்தால நாலு சாத்து. ஊரே சிரிச்சுது. ஜோக்கரா இருந்த நான், "இதை நாளைக்கு வீட்ல செய்வியாக்கா?"ன்னு கேட்டேன். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. "செய்ய மாட்டேன், எங்க மாமியா இருக்கும்ல"ன்னாங்க. அப்புறம்தான் மாமியாரா ஒரு பாட்டி எந்திரிச்சு வந்தாங்க, அதுவரைக்கும் எங்க ஸ்கிரிப்ட்ல மாமியாரே கிடையாது. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் ஓடுச்சு, யாரும் கை தட்டல.

கேள்வி (விழுப்புரம்): இந்த ஜோக்கர் எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே, நம்ம கூத்துல இல்லாததா?

அப்படிக் கேளுங்க. நம்ம தெருக்கூத்துல கதைய நடத்திட்டுப் போற கோமாளி கட்டியங்காரன் யாரு? துரியோதனன் கிட்டயும் பேசுவான், உங்ககிட்டயும் பேசுவான், நடுவுல ஊர் பிரசிடெண்டையும் ஒரு இடி இடிச்சிட்டுப் போவான். வித்தியாசம் என்னன்னா கட்டியங்காரன் உங்கள மேல கூப்பிட மாட்டான். அதை மட்டும் சேத்துக்கிட்டா போதும்னு நான் செஞ்சு பாத்தேன், நல்லாவே வேலை செய்யுது, ஜோக்கர்னு சொன்னா முழிக்கற ஊரு கட்டியங்காரன்னா உடனே புரிஞ்சுக்குது. புரிசைங்கற ஊரோட தெருக்கூத்தப் பாத்து மனசு பறிபோயித்தான் முத்துசாமி சாரே இந்தப் பக்கம் வந்தாரு, கண்ணப்ப தம்பிரான் மாதிரி ஆசான்கிட்டேருந்து நவீன நாடகக்காரங்க கத்துக்கிட்டாங்க.

ஒண்ணு மட்டும். கூத்துக்கலைஞர கூட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரத்துல "அடவு (ஆட்ட அடி) சொல்லிக்குடுங்கய்யா"ன்னு கேட்டு, போட்டோ எடுத்து, சால்வை போத்தி பஸ் காசு குடுத்து அனுப்பறாங்க பாருங்க, அதே வொர்க்‌ஷாப்புக்கு ஃப்ளைட்ல வந்த ஆளுக்கு ஹோட்டல் ரூமு. ரெண்டு பேருக்கும் ஒரே பேமென்ட் குடுக்க முடியலன்னா ரெண்டு பேரையும் கூப்பிடாதீங்க.

கேள்வி (மட்டக்களப்பு): அண்ணா, எங்கட ஊர்ல பொடியன்மார் கூத்துக்கு வாறது குறைஞ்சிட்டுது. என்ன செய்யலாம்?

இதுக்கு நான் பதில் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதை. வடமோடி, தென்மோடின்னு ரெண்டு கூத்து மரபு உங்க வாசல்லயே இருக்கு. வித்தியானந்தன் பேராசிரியர் 60கள்ல பேராதனை யுனிவர்சிட்டி மாணவர்கள வச்சு கூத்த மேடைக்குக் கொண்டு வந்தப்ப இராவணேசன்ங்கற நாடகத்துல இராவணனா ஆடுனது மௌனகுரு சார். ஜெயசங்கர் அவங்க செய்யற கூத்து மீளுருவாக்கம் உங்க பக்கத்துலயே நடக்குது, கூத்து ஆடற களரில ஊர்ச்சனங்களோட உக்காந்து, கதைல பொம்பளைங்களுக்கு என்ன இடம், சாதிக்கு என்ன இடம்னு பேசிப் பேசி மாத்தறாங்க. பொடியன்மார ஆட மட்டும் கூப்பிடாம அந்தப் பேச்சுக்கும் கூப்பிடுங்க.

கேள்வி (கோவை, பேர் வேணாம்னு சொன்னவங்க): எங்க டைரக்டர் "நடிகைக்கு கூச்சம் இருக்கக்கூடாது"ன்னு சொல்லி தனியா ரிகர்சலுக்கு கூப்பிடறார். எக்சர்சைஸ்னு தொடறார்.

அது எக்சர்சைஸ் இல்ல. போகாதீங்க. தொடற பயிற்சி எதா இருந்தாலும் எங்க, எப்படி, எதுக்குன்னு முன்னாடியே எல்லார் முன்னாடியும் பேசி, வேணாம்னா வேணாம்னு விடணும், அதுதான் முறை. 2013ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வரவங்களுக்கும், சம்பளமில்லாம வேலை செய்யறவங்களுக்கும் பொருந்தும். குழுல பத்து பேருக்குக் கம்மின்னா உள்ளூர் புகார்க் குழு ஜில்லா அளவுல இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க. மெசேஜ் எதையும் அழிக்காதீங்க.

கேள்வி (மதுரை): தெருவுல நாடகம் போட போலீஸ்கிட்ட ஸ்கிரிப்ட் காட்டணுமா?

1954 தமிழ்நாடு நாடகச் சட்டத்துல அப்படி இருந்துச்சு, எழுத்தாளர், நாடகக்காரர் ஞாநி கேஸ் போட்டு 2013ல ஹைகோர்ட் அதைச் செல்லாதுன்னு சொல்லிருச்சு. வெள்ளைக்காரன் காலத்து 1876 சட்டத்தையும் பார்லிமென்ட்ல எடுத்துட்டாங்க. ஆனா மைக்குக்கும் இடத்துக்கும் பர்மிஷன் வேணும். மைக் இல்லாம ஆடப் பழகுங்க, தொண்டையும் தேறும்.

கேள்வி (தஞ்சாவூர், வொர்க்‌ஷாப் நடத்தறவர்): போன மாசம் என் பயிற்சில ஒரு பொண்ணு உடைஞ்சு அழுதுட்டா. என்ன பண்றதுன்னே தெரியல.

இதை நான் எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். 2005 ஜனவரி, சுனாமி வந்து ஒரு மாசம் கூட ஆகல, நாகப்பட்டினம் பக்கம் ஒரு முகாம்ல புள்ளைங்களுக்கு நாடகப் பயிற்சின்னு போனோம். எனக்கு 24 வயசு, ரெண்டு வொர்க்‌ஷாப் முடிச்சுட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு. மனசுல இருக்கறத வெளிய கொண்டாந்தா பாரம் குறையும்னு யாரோ சொன்னத நம்பி, "எல்லாரும் கடலா மாறுங்க, அலை மாதிரி வாங்க"ன்னுட்டேன். பத்து செகண்ட் கூட இருக்காது. சின்னப் புள்ளைங்க கத்த ஆரம்பிச்சுது, ஒரு பையன் கத்தல, வெளிய போயி செருப்புக் குவியல் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு செருப்பா ஜோடி சேத்துட்டே இருந்தான். நான் நட்டுவச்ச கம்பு மாதிரி நின்னேன்.

மீன் விக்கற ஒரு ஆத்தா வந்து "ஏலே, நவுரு"ன்னு என்னை ஒதுக்கிட்டு, கிடந்த கயித்த எடுத்து புள்ளைங்க கையில குடுத்து அம்பாப் பாட்டு ஆரம்பிச்சாங்க. ஏலேலோ ஐலசான்னு கரைவலை இழுக்கற பாட்டு. கால ஊனி, ஒண்ணா மூச்சு விட்டு, ஒண்ணா இழுக்கணும். அரை மணி நேரம் இல்லாத வலைய இழுத்தாங்க. அந்தப் பையனும் கடைசில வந்து கயித்து நுனியப் புடிச்சான்.

அதுக்கப்புறம் எனக்கு நான் போட்டுக்கிட்ட விதி, மூடத் தெரியாத கதவத் திறக்கக்கூடாது. யாராச்சும் அழுதா ஏன்னு கேக்காதீங்க, வட்டமா கூடி நின்னு பாக்காதீங்க, தண்ணி குடுங்க, கூட ஒரு ஆளு உக்காரட்டும், மத்தவங்கள உடம்பு அசையற வேலைக்குக் கொண்டு போங்க. முன்கூட்டியே பக்கத்துல யாரு கவுன்சிலர்னு நம்பர் வாங்கி வைங்க. நாம டாக்டர் இல்ல. உங்க கேள்வில அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கான்னு எழுதல, இன்னிக்கே ஒரு போன் போடுங்க.

கேள்வி (மூணு பேரு கேட்டது): இதுல வாழ முடியுமா?

இதை மட்டும் வச்சுன்னா கஷ்டம். நான் ரெண்டு ஸ்கூல்ல வாரத்துக்கு ஒருநாள் வகுப்பு எடுக்கறேன், கம்பெனிகளுக்கு பேச்சுப் பயிற்சி குடுக்கறேன், அந்தக் காசுதான் ஊர் வேலைய தாங்குது. ஒரு அமைப்பு ஆறு ஊருக்கு நாடகம் போட வச்சுட்டு எட்டு மாசம் இழுத்தடிச்சாங்க, ஒவ்வொரு தடவையும் "ஃபண்ட் வரல சார்". அன்னிலேருந்து பாதி அட்வான்ஸ் வாங்காம பறைய காய்ச்சறதே இல்ல.

கேள்வி (திண்டுக்கல்): எனக்கு 52 வயசு, ரேஷன் கடைல வேலை. இப்ப ஆரம்பிக்கலாமா, சிரிப்பாங்களா?

ரேஷன் கடைல உக்காந்து இத்தனை வருஷம் எத்தனை முகம் பாத்திருப்பீங்க, எங்க பசங்களுக்கு அது கெடைக்குமா? ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு வாங்க, தரைல உக்காரணும், தொளதொளன்னு ஏதாச்சும் போட்டுக்குங்க. இட்லிய மட்டும் முடிஞ்சப்புறம் சாப்பிட்டுக்கலாம், வயிறு ரொம்புனா குரல் வராது. முதல் நாள் நடிக்கவெல்லாம் சொல்ல மாட்டேன், அளவு சரியில்லன்னு சண்டைக்கு வர ஒரு ஆளு எப்படி பைய நீட்டுவாருன்னு மட்டும் எங்களுக்கு செஞ்சு காட்டுங்க.