மெரூன் கார்பெட்டும் வெளிர் ரோஸும்

கேள்வி: எங்கள் திருமணம் மாலை 7 மணிக்கு, மூடிய மண்டபத்தில் நடக்கிறது. வெளிர் ரோஸும் வெளிர் பச்சையுமாகத் தோட்டம்போல இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கு ‘ராயல்’ தோற்றம்தான் பிடிக்கும். ஃபோனில் 200 படங்களுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். மண்டபத்தில் மெரூன் கார்பெட், க்ரீம் சுவர், அதில் தங்க நிற வேலைப்பாடு. ‘தீம் என்ன?’ என்று டெகரேட்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கார்பெட்டிலிருந்து. அந்தப் படங்களைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள்.

தரை, சுவர், கூரையின் உயரம், நாற்காலி, விளக்கு ஆகியவற்றை நீங்கள் மாற்றப்போவதில்லை. கண்ணில் படும் பரப்பில் பெரும்பங்கு அவைதான். எனவே ஒருநாள் மாலை 7 மணிக்கே மண்டபத்துக்குப் போய், எல்லா விளக்கையும் போடச் சொல்லி, வாசலில் நின்று ஒரு படம், நடுவில் நின்று ஒரு படம், மேடையிலிருந்து ஒரு படம் எடுங்கள். பகலில் எடுத்த படத்தை வைத்து நிறம் முடிவு செய்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

மெரூனுக்குப் பக்கத்தில் வெளிர் ரோஸ் வைத்தால் ரோஸ் சாயம் போனதுபோல் தெரியும். மலர்களில் குறையிருக்காது, அடர்நிறம் பக்கத்தில் இருப்பதால் வரும் விளைவு அது. தப்பிக்க இரண்டு வழி. நடைபாதையையும் மேடையையும் பளபளப்பில்லாத ஐவரி நிற விரிப்பால் மூடிவிடலாம். ஆனால் இரண்டு பக்கமும் மெரூன் எட்டிப்பார்க்கும். இரண்டாவது, எங்களுக்குப் பிடித்த வழி: மெரூனையே உங்கள் நிறங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது. துணியெல்லாம் ஐவரி, ஏறக்குறைய 60 பங்கு. இலைப்பச்சை 30. மீதி 10 பங்கில் மங்கலான ரோஸும், அங்கங்கே ஒயின் நிறமும். ஒயின் நிற மலர் நாலு இருந்தாலே கார்பெட் வேண்டுமென்றே போட்டதுபோல் ஆகிவிடும். தங்க நிறத்தில் சுவரில் இருக்கும் அந்த மங்கலான தங்கம் மட்டும் போதும். கூடவே பளிச்சென்ற தங்கமும் ரோஸ் கோல்டும் வெள்ளியும் நுழைந்தால் கடை அலமாரிதான்.

இப்போது படங்களைத் திறக்கலாம். 12 மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மணமக்களை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால்தான் அது அலங்காரத்துக்காகச் சேர்த்த படம். எது பிடித்தது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: நிறமா, வெளிச்சமா, வடிவமா, மலர்களின் நெருக்கமா? பாதிக்கு மேல் ‘வெளிச்சம்’ என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் அந்தி நேரத்தில் எடுத்தவை. மூடிய மண்டபத்தில் மலரைக் கூட்டினால் அந்த அழகு வராது.

அவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். ‘ராயல்’ என்பவர்கள் பலருக்கும் வேண்டியது உயரமும் இருபுறமும் சமமான அமைப்பும்தான். சிவப்பு வெல்வெட்டும் தூண்களும் கட்டாயம் இல்லை. தோட்டம் என்று நீங்கள் சொல்வதில் இருப்பது இலை, கொடி, தளர்வான கட்டு. இரண்டும் மோதவில்லையே! மேடையின் அமைப்பு அவர் விருப்பப்படி உயரமாகவும் இருபுறமும் சமமாகவும் இருக்கட்டும். அதன்மேல் மலர்கள் உங்கள் விருப்பப்படி தளர்வாகப் படரட்டும். டெகரேட்டருக்கு அனுப்ப வேண்டிய தீம் இப்படி இரண்டே வரிதான்: ‘ஐவரித் துணி, நிறைய இலை, ஒயினும் ரோஸும் கொஞ்சமாக. சமமான உயர அமைப்பு, மினுமினுப்பு வேண்டாம், மஞ்சள் கலந்த வெளிச்சம்.’ இந்த வரிகளுக்குள் வராத எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வெளிச்சத்துக்கு வருவோம். அதிகம் கெடுவது இங்கேதான். மண்டபத்து ட்யூப் லைட்டும் பேனல் லைட்டும் பெரும்பாலும் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), நீலம் கலந்த வெள்ளை. டெகரேட்டர் போடும் மஞ்சள் விளக்கு 2700 முதல் 3000 வரை. இரண்டும் சேர்ந்து எரிந்தால் முகத்தில் ஒரு கன்னம் மஞ்சள், மறுகன்னம் நீலம். கேமரா ஒன்றைச் சரிசெய்தால் மற்றது இன்னும் மோசமாகும். மேடைக்கு மேலுள்ள விளக்குகளுக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். அவற்றை அணைத்துவிட்டு, முன்பக்கம் இடமும் வலமும் சுமார் 45 டிகிரியில், கண் மட்டத்துக்கு மேலிருந்து இரண்டு விளக்குகள் முகத்துக்கு வேண்டும். அவற்றின் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான 100க்கான மதிப்பெண், 90க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் தோல் வெளிறித் தெரியும். கலர் எல்இடியைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். முகத்தில் பச்சையோ ஊதாவோ விழுந்தால் எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம். மட்டமான டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஓடும் எல்இடி வீடியோவில் கோடு கோடாக விழும். ஃபோனில் ஸ்லோ மோஷன் போட்டுப் பார்த்தால் அந்தத் துடிப்பு தெரிந்துவிடும்.

இன்னொன்று: வெளிர் பச்சைத் துணி மஞ்சள் விளக்கில் சாம்பலும் பழுப்புமாகத் திரியும். அதனால்தான் பச்சையைத் துணியில் கேட்காமல் இலையில் கேட்கிறோம். எந்தத் துணியாக இருந்தாலும் ஒரு துண்டை அந்த விளக்கடியில் பிடித்துப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

மேடைப் பின்னணி 20 அடி என்றால் துணி 40 அடி அகலத்துக்கு வேண்டும். 5 அடி அகலத் துணியில் 8 பட்டை. இதில் மிச்சம் பிடித்தால் மடிப்பு விழாது, பின்னாலுள்ள குழாய்ச் சட்டம் தெரியும். இருக்கைக்கும் பின்னணிக்கும் நடுவே 4, 5 அடி விடுங்கள். ஒட்டி உட்கார்ந்தால் நிழல் துணியில் விழும். பெயரெழுத்தோ வளைவோ நிற்பவர் தலைக்குப் பின்னால் வரக்கூடாது. 7 அடிக்கு மேலே போகட்டும். உங்கள் உடையின் படத்தை டெகரேட்டருக்கு அனுப்பியாயிற்றா? ஐவரிப் பின்னணிக்கு முன்னால் ஐவரி உடை அணிந்தால் நீங்களே காணாமல் போவீர்கள்.

மலர்களில் ஹைட்ரேஞ்சியாவைத் தண்ணீர் இல்லாமல் செருகினால் விழா முடியும் முன்பே தலை தொங்கும். கார்னேஷன், கிரிஸாந்திமம், ஆர்க்கிட் தாக்குப்பிடிக்கும். தண்டுகளைச் செருகி நிறுத்தும் பஞ்சு போன்ற ஃப்ளோரல் ஃபோமைத் தண்ணீரில் அழுத்தக்கூடாது, தானாக மூழ்க விட வேண்டும். அழுத்தினால் உள்ளே காற்று தங்கி, அந்த இடத்துத் தண்டுகள் மட்டும் காயும். செயற்கை மலர் வைப்பதில் தவறே இல்லை. கைக்கு எட்டாத உயரத்தில் அது, எட்டும் இடத்தில் நிஜ மலர்.

மேஜைகளில் பூ 12 அங்குலத்துக்குள் அல்லது 24 அங்குலத்துக்கு மேல். நடுவில் இருந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் மறையும். மெழுகுவத்தி வேண்டுமென்றால் மண்டபத்தில் அனுமதி கேட்டுவிட்டு, கண்ணாடிக் குழாயின் விளிம்புக்கு 2 அங்குலம் கீழே சுடர் இருக்கும்படி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அளவுகளோடு வரைபடம், மலர்களின் பெயரும் எண்ணிக்கையும், மண்டபம் எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும், மின்சாரம் எவ்வளவு தாங்கும் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். அவசர வழியையும் தீயணைப்பானையும் திரைச்சீலை மறைக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விருந்தினர் வருவதற்கு 2 மணி நேரம் முன்பு எல்லா விளக்கையும் போட்டு, நடுவரிசை நாற்காலியில் யாராவது ஒருவர் உட்கார்ந்து மேடையை ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும். கோணலும் குழாயும் அந்தப் படத்தில்தான் தெரியும், சரிசெய்ய நேரமும் இருக்கும்.