ஏற்றத்தில் பின்னால் வழுக்கும் ஸ்கீ

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கல்லூரிப் பனிச்சறுக்கு அணியில் முதல் சீசன், ஜனவரி கார்னிவலில் (கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி) 10 கி.மீ. கிளாசிக் ஓட்டத்தில் (ஸ்கீக்களை இணையாக வைத்து உதைத்துச் செல்லும் முறை) ஏற்றமெல்லாம் ஸ்கீ பின்னால் வழுக்கியது, அடியில் பிடிப்புக்காகப் பூசும் மெழுகை இன்னும் தடிமனாகப் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்கீ உங்கள் எடைக்கு ஏற்றதா என்று பாருங்கள்.

சமதளத் தரையில் இரண்டு ஸ்கீயின் மேலும் சமமாக நின்றுகொண்டு, பாதத்துக்கு நேர்கீழே யாரையாவது ஒரு தாளை நுழைக்கச் சொல்லுங்கள். தாள் தாராளமாக நகர வேண்டும். முழு எடையையும் ஒரே காலில் போட்டால் அதே தாள் அசையாமல் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் நகர்ந்தால் ஸ்கீ உங்களுக்கு விறைப்பு அதிகம்; பாதத்துக்குக் கீழே மெழுகு பூசிய பகுதி பனியில் சரியாக அழுந்தாது. மெழுகை எத்தனை முறை மாற்றினாலும் பிடிப்பு சரியாக வராது. கோச்சிடம் வேறு ஜோடி கேளுங்கள்.

தாள் மாட்டிக்கொண்டால் சரி, அப்புறம் மெழுகு. புதுப்பனிக்குக் கெட்டி மெழுகு: மெல்லிய பூச்சாகப் பல முறை, ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்து. உருகி மறுபடி உறைந்த பனிக்கு கிளிஸ்டர். கையில் பட்டால் லேசில் போகாத பசை அது. எதுவானாலும் வெளியே வைத்து ஆறவிட்ட பிறகே பனியில் இறங்குங்கள், இல்லாவிட்டால் அடியில் பனி அப்பிக்கொள்ளும். வெப்பம் 0 டிகிரியை ஒட்டி நிற்கும் நாளில் அனுபவசாலிகளே திணறுவார்கள்.

இன்னொன்று: களைத்ததும் இடுப்பு பின்தங்குகிறதா? அப்படியானால் எடை மெழுகுப் பகுதியில் விழாது. ஏற்றத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மார்ச்சில் நடக்கும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டியைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம்; நார்டிக்கில் (உங்கள் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பிரிவு) ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் ஆண்கள் 3, பெண்கள் 3 பேர்தான்.